மஞ்சப்பையில் ஒரு மலைப்பயணம்

சித்திரை வெயிலுக்குப் பயந்து கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குக் கிளம்பும் நம் பெரியவர்களின் இயற்கைப் பற்று புல்லரிக்க வைக்கிறது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்றது, தட்டுவோமா? ஆளுக்கொரு மஞ்சப்பை. உள்ளே பிளாஸ்டிக் டம்ளர் ஒரு கட்டு, தெர்மாகோல் தட்டு ஒரு கட்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். மாவட்டம் நிலைத்துவிட்டது.

கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் காற்றே குளிர்ந்துவிடும். ஆனாலும் காரில் ஏ.சி. ஓடும், கண்ணாடி இறங்காது. பெரியார் அருவி கோடையில் நூலாக மெலிந்துபோகும்; அந்த நூலுக்கும் ஷாம்பூ போட்டுத்தான் அனுப்புகிறோம். மேகம் அருவிக்கு நடக்க வேண்டும் என்பதால் அது கொஞ்சம் தப்பிக்கிறது. மூட்டுவலியும் சூழல் சேவைதான்!

சாமை விளையும் அந்த மலையில் போய் நாம் தேடுவது பரோட்டா. சரி, சாப்பிடுங்கள். இறங்கும்போது மட்டும் அந்த மஞ்சப்பையை மறக்காமல் எடுத்து வாருங்கள், கொண்டுபோன டம்ளர், தட்டோடு.