இன்டர்வியூ மாமா

தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி கிடைக்கும், வாழைப்பூ கிடைக்கும், மல்லிகைச் சரம் கிடைக்கும். இன்டர்வியூ மாமாவும் அங்கேதான் கிடைப்பார். ராஷ்பிஹாரி அவென்யூவிலிருந்து பிரியும் தெருக்களில் தமிழ்க் குடும்பம் நாலு இருந்தால் அதில் இவர் ஒருவர் கட்டாயம் உண்டு. வயது எண்பதை ஒட்டி. நேதாஜி சுபாஷ் சாலையை இன்னமும் கிளைவ் ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார். அங்கே ஒரு மெர்க்கன்டைல் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து செக்ரட்டரியாக ரிட்டயர் ஆனவர். பேட்டையில் எந்தப் பிள்ளைக்கு இன்டர்வியூ வந்தாலும் முதல் நாள் சாயங்காலம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம்.

“உட்காராதே. நான் உட்காரச் சொன்னேனா?” இதுதான் வரவேற்பு.

“இல்லை மாமா.”

“வெளியே போய்க் கதவைத் தட்டிட்டு வா.”

பையன் மூன்று தடவை கதவைத் தட்டுவான். நாலாவது தட்டலுக்கு, யாரோ விருந்தாளி என்று நினைத்து மாமி காபியோடு வருவாள். அதன் பிறகுதான் பாடம் தொடங்கும். “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்!” என்று மாமா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பார்.

இதற்கு மாமாவிடம் ரெமிங்டனில் அடித்த ஏழு பத்தி விடை தயாராக இருக்கிறது. முதல் பத்தியில் தாத்தா கும்பகோணத்திலிருந்து மெட்ராஸ் மெயிலில் ஹௌரா வந்து இறங்குகிறார். மூன்றாவது பத்தியில்தான் அப்பாவுக்குக் கல்யாணம். வேலைக்குப் போகிறவன் ஐந்தாவது பத்தியில் பிறந்து, பத்தாம் வகுப்பில் கணக்கில் இவ்வளவு என்று மார்க் சொல்கிறான். ஆறாவதில் ஹாபி: ஸ்டாம்ப் சேகரிப்பு.

“மாமா, நான் ஸ்டாம்ப் சேர்த்ததே இல்லையே.”

“கேட்டா, ஆல்பம் ஆத்துல இருக்குன்னு சொல்லு. வந்து பார்க்கவா போறா?”

ஏழாவது பத்தி பலமும் பலவீனமும். பலவீனம் என்ன என்று கேட்டால், எதையும் குறையில்லாமல் செய்யாவிட்டால் தூக்கம் வராது என்று சொல்ல வேண்டும். செக்டர் ஃபைவில் ஐ.டி. கம்பெனி நேர்காணல் நடத்துகிறவர்கள் இந்தப் பலவீனத்தைக் காலை பத்து மணிக்குள்ளேயே எட்டுப் பேரிடம் கேட்டிருப்பார்கள். ஊரில் இத்தனை பேர் தூங்காமல் இருக்கிறார்களா என்று அவர்களுக்கே கவலை வந்திருக்கும்.

இதில் வேடிக்கை, மாமாவை வாழ்நாளில் யாரும் இந்தக் கேள்வி கேட்டதே இல்லை. அந்தக் காலத்தில் தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்துவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயிலேறியவர்களில் அவர் ஒருவர். ஏற்கெனவே அங்கே ஸ்டெனோவாக இருந்த சித்தப்பா, ஹெட் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை சொன்னார். துரை ஒரு கடிதத்தை டிக்டேட் செய்தார். மாமா பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார். “மண்டே” என்றார் துரை. அந்த ஒரு சொல்லுக்கு மேல் நேர்காணல் இல்லை. சித்தப்பா சொன்னதுதான் அறிமுகம், அடித்த கடிதம்தான் தகுதி. ஆனால் பாடம் நடத்தும்போது இது மட்டும் மாமாவுக்கு நினைவுக்கு வராது.

நினைவுக்கு வருவது சி.வி. ராமன். 1907-இல் பதினெட்டு வயதில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்த ராமன், டிராமில் போகையில் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகையைப் பார்த்தார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கழகத்தில் இருந்த ஆசுதோஷ் டே திறந்தார். ராமன் செயலாளர் அமிர்தலால் சர்க்காரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். காலை மாலைகளில் ஆராய்ச்சி செய்ய அனுமதியும் கிடைத்தது.

“பார்த்தியா, ஸ்மார்ட்னஸ்!” என்று மாமா தொடையில் தட்டுவார். அவர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் மாணவனாக இருந்தபோதே, அதாவது 1906-இல், ராமனின் ஒளியியல் கட்டுரை லண்டன் ‘ஃபிலசாஃபிகல் மேகஸின்’ இதழில் வெளியாகிவிட்டது. செய்துவிட்டு வந்தவனுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் போதும், தாத்தா ரயில் ஏற வேண்டியதில்லை. தவிரவும், சம்பளம் வேண்டாம், வேலை மட்டும் கொடுங்கள் என்று வந்து நிற்பவனை எந்தப் பேனல்தான் திருப்பி அனுப்பும்?

சம்பளமும் வேண்டியிருக்கிற வேலையில்லாப் பட்டதாரியின் நேர்காணலை வங்காள சினிமா பார்த்ததுபோல வேறு யார் பார்த்தார்கள் தெரியவில்லை. மிருணாள் சென்னின் ‘இன்டர்வியூ’ 1971-இல் வந்தது. அதில் நாயகனிடம் எல்லாம் இருக்கிறது, கோட்டு சூட்டைத் தவிர. அது சலவைக் கடையில், சலவைக்காரர்கள் ஸ்டிரைக். இரவல் சூட்டையும் தொலைத்துவிட்டு வேட்டியும் பஞ்சாபி ஜிப்பாவுமாகப் போய் நிற்கிறான். வேலை போகிறது. சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’யில் சுதந்திரத்தின்போது இங்கிலாந்துப் பிரதமர் யார் என்று கேட்கிறார்கள். யாருடைய சுதந்திரம் என்று நாயகன் சித்தார்த்தன் திருப்பிக் கேட்கிறான். ராயின் ‘ஜன அரண்ய’த்தில் கேள்வி இன்னும் மோசம்: நிலவின் எடை என்ன?

அப்போது அது அநியாயமாகத் தோன்றியது. இன்றைய பிள்ளைகளோ அதையே கேட்கக் கூடாதா என்று ஏங்குகிறார்கள். நிலவின் எடைக்கு ஒரே விடைதான்; ஏறக்குறைய 73 கோடி கோடி கோடி கிலோ என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். தன்னைப் பற்றிச் சொல்லத்தான் வாய் உலர்கிறது.

அரசு வேலை பலவற்றில் இப்போது அந்தப் பயமும் இல்லை. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு, அதாவது குரூப் சி, குரூப் டி, கெஜட் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கு, நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. சிபாரிசும் லஞ்சமும் குறையும் என்பது காரணம். மாமா இதைத் தன்னைக் குறிவைத்து எடுத்த நடவடிக்கையாகவே எண்ணினார். கதவு தட்டத் தெரியாதவனெல்லாம் கிளார்க் ஆகிவிடுவான் என்று ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, தாத்தா பத்தியிலேயே நின்றுவிட்டார்.

நம் ஸ்டாம்ப் சேர்க்காத பையன், பாடம் கேட்ட மறுநாள், காளிகாட்டில் மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடில் மாறி, செக்டர் ஃபைவில் இறங்கினான். ஏழு பத்தியில் ஒன்றும் நினைவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் வாயில் வந்ததைச் சொன்னான்: “எங்கள் பேட்டைத் துர்கா பூஜை கமிட்டியில் இரண்டு வருஷமாகச் சந்தா கணக்கு நான்தான் பார்க்கிறேன். எக்ஸெலில் போட்டதிலிருந்து ரசீதுச் சண்டை நின்றுவிட்டது.”

எதிரே இருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவரும் தன் பேட்டைக் கமிட்டியின் செயலாளராம். மூங்கில் விலை, சந்தன்நகர் லைட்காரர் கேட்கும் அட்வான்ஸ், போன வருஷம் தீம் பந்தல் மழையில் நனைந்தது, பொருளாளர் கணக்குக் காட்டாதது என்று பேசிக்கொண்டே போனார். பையன் நாலு இடத்தில் “ஹ்யான் தாதா”, அதாவது ஆமாம் அண்ணா, போட்டான். எக்ஸெலில் எப்படிப் பிரித்தாய் என்று கேட்டபோது மட்டும் விளக்கமாகச் சொன்னான். தன்னைப் பற்றி அன்றைக்கு நிறையச் சொன்னவர் பேட்டி எடுத்தவர்தான்.

“பலம், பலவீனம்?” என்றார் மாமா, சாயங்காலம்.

“கேட்கவே இல்லை மாமா. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கா.”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஏழு பத்தியை எடுத்து, ஆறாவதில் ஸ்டாம்பை அடித்துவிட்டு, ‘பூஜை கமிட்டி கணக்கு’ என்று எழுதினார். வாசலில் கதவு தட்டும் சத்தம். எதிர் ஃபிளாட்டுப் பெண், நாளைக்கு அவளுக்கு இன்டர்வியூ.

“மாமா, எனக்குக் கணக்கே வராதே.”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல வெளியே போய்த் தட்டிட்டு வா.”