சும்மா இருக்காத மூளை

கேள்வி: சும்மா படுத்தால்தான் பழைய சண்டை, பாக்கி வைத்த கடன் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வருகிறதே, ஏன்?

பதில்: மூளையின் நடுப்பிளவில், பின்பக்கமாக ஒளிந்திருக்கும் பின்புற சிங்குலேட் புறணியின் கைங்கரியம்! கணக்குப் போடச் சொன்னால் அடங்கிவிடும். நீங்கள் சாய்ந்தால் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ‘சும்மா இருக்கும் வேலை’யை மூளையின் இயல்பு நிலை என்றே 2001-இல் அறிவித்தது அமெரிக்காவின் மார்க்கஸ் ரெய்க்லி குழு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை 20 சதவீத சக்தியைத் தின்கிறது. அதிலும் இந்தப் பகுதிக்கு அகோரப் பசி. அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே இங்கே பசி குறைவதை பெட் ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுப் பெரியவர் பழகிய தெருவிலேயே வழி தடுமாறினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.