கல் கழித்து எத்தனை கிராம்?

எங்கள் வத்திராயிருப்பில் எடை விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே நியாயம். கூடினால் காசு கூடும். குறைந்தால் சண்டை வரும். பால்கோவா பொட்டலத்தில் இருபது கிராம் இடிக்கிறது என்று, ஏறி உட்கார்ந்த பஸ்ஸை விட்டு இறங்கிப்போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் நியாயம் கேட்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. 2019-இல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அவர்கள் கேட்டது, "அப்போ இனிமே எடை சரியா இருக்குமா?" என்பதுதான்.

இப்படிப்பட்ட ஊரில்தான் என் அக்கா மகன், எடை குறையக் குறைய விலை ஏறுகிற ஒரு சாமானை வாங்கித் தரச் சொல்லி வந்து நின்றான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எந்த வழக்கும் எங்கள் குடும்பத்தில் என் முன்னால்தான் வரும். பையன் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

"மாமா, ஒரு மவுஸ் வேணும்."

"கடையில நாலு கெடக்கு. ஒண்ணை எடுத்துக்க."

"அதெல்லாம் வேலை பாக்குற மவுஸ், மாமா. எனக்கு விளையாடுற மவுஸ் வேணும். வயர் இருக்கக் கூடாது. வெயிட் இருக்கக் கூடாது."

"விலை?"

"அது கொஞ்சம் இருக்கும்."

இல்லாததற்கெல்லாம் காசு வாங்குகிற வியாபாரம் இது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ரெண்டாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வரப்பு கட்டினேன். அவன் தலையாட்டினான். வரப்பு என்றால் உடைக்கத்தான் என்பது விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரியாதா?

நான் கடை திறந்த காலத்து மவுஸின் வயிற்றுக்குள் ரப்பர் பூசிய இரும்புக் குண்டு ஒன்று உருளும். அது அழுக்குப் பிடிக்கும், கழற்றித் துடைக்க வேண்டும், துடைத்து மேஜை மேல் வைத்தால் தெருப்பிள்ளைகள் கோலி விளையாட எடுத்துப் போய்விடுவார்கள். குண்டு போன மவுஸ் லேசாக இருக்கும். லேசாக இருக்கிற மவுஸ் வேலை செய்யாது. ஆகவே கனம்தான் தரம் என்று என் தலைமுறை படித்துக்கொண்டது. அதற்கு முந்திய தலைமுறை இன்னும் மோசம். 1964 வாக்கில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் யோசனை சொல்ல, பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த உலகத்தின் முதல் மவுஸ் மரக்கட்டைதான். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் சபை நடுவே அதை உருட்டிக் காட்டினார். எங்கள் ஊர்த் தச்சர் அங்கே இருந்திருந்தால், "தேக்கா, வேம்பா?" என்று எழுந்து கேட்டிருப்பார்.

விளையாட்டுக்காரர்களும் ஒரு காலத்தில் கனத்துக்குத்தான் காசு கொடுத்தார்கள். 2005-இல் லாஜிடெக் கம்பெனி ஜி5 என்று ஒரு கேமிங் மவுஸ் விட்டது. அதோடு குட்டிக் குட்டி எடைக்கற்கள் வரும். வேண்டியதைச் சொருகி 36 கிராம் வரை கனத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இப்போது அதே கம்பெனியின் ஜி304 என்ற மலிவு மவுஸ், பேட்டரியோடு 99 கிராம். 2020-இல் வந்த 'ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட்' என்ற உசத்தி மவுஸ், 63 கிராமுக்கும் உள்ளே. கழித்துப் பாருங்கள், அதே 36 கிராம்! அன்றைக்கு அந்த 36 கிராம் இருப்பது சொகுசு; இன்றைக்கு அது இல்லாததுதான் சொகுசு. ஜி304 மூவாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும், சூப்பர்லைட் பத்தாயிரத்தைத் தாண்டும். இல்லாத ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய இருநூறு ரூபாய்.

"எடை இல்லாம என்னடா மாப்ள ஆகப் போகுது?" என்று கேட்டேன். அவன் வேலரண்ட் விளையாட்டைத் திறந்து, மவுஸை என் கையில் கொடுத்துத் திரும்பிப் பார்க்கச் சொன்னான். துப்பாக்கிக் குறி ஆடாமல் இருக்க, வேகத்தை வெகுவாகக் குறைத்து வைத்துக்கொள்வார்களாம். அவன் வைத்திருந்த கணக்கில், திரைக்குள் இருக்கிற ஆள் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப வெளியே இருக்கிற கை 41 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு முழம். முதுகுக்குப் பின்னால் ஒருவன் சுடுகிறான் என்றால், பூக்காரம்மா மாதிரி அரை முழம் அளந்துதான் திரும்ப முடியும். மேஜை தீர்ந்துவிட்டால் மவுஸைத் தூக்கி, பழைய இடத்தில் வைத்து, மறுபடி இழுக்க வேண்டும். ராத்திரி முழுக்க இப்படித் தூக்கி வைத்தால் 36 கிராமும் மணிக்கட்டில் பேசத்தான் செய்யும். பையன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்கு என் பணம் செலவாவதில்தான் எனக்கு வருத்தம்.

ஹாஸ்டல் நண்பனிடம் இரவல் வாங்கி வந்த ஜி304-ஐ எடுத்துக்கொண்டு ஆசாரி பட்டறைக்குப் போனோம். ஊரிலேயே மில்லிகிராம் காட்டுகிற தராசு அங்கேதான் இருக்கிறது. ஆசாரி அண்ணன் கண்ணாடிக் கதவைத் திறந்து மவுஸை உள்ளே வைத்தார். எத்தனையோ மூக்குத்தியைப் பார்த்தவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தம்பி, கல்லோட சொல்லவா, கல் கழிச்சுச் சொல்லவா?"

பையன் மூடியைத் திறந்து உள்ளே இருந்த டபுள் ஏ பேட்டரியை எடுத்தான். தராசு 99-லிருந்து 76 பக்கம் இறங்கியது.

"கல்லு மட்டும் இருபத்தி மூணு கிராமா? கிட்டத்தட்ட மூணு பவுனு தம்பி! எவன் வித்தான் உங்களுக்கு?"

எடை குறைந்த மவுஸ் வாங்கப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான். பேட்டரி மாற்றுகிற மவுஸ் சிலவற்றுக்கு, கல் கழித்த எடையைத்தான் பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ரேசர் ஓரோச்சி வி2 அறுபது கிராமுக்குள் என்பார்கள். பேட்டரி அதில் சேர்த்தி இல்லை. பேட்டரி இல்லாமல் அது ஓடாது என்பது வேறு விஷயம். நகைக்கடையில் இந்தக் கேள்வியைப் பாட்டி காலத்திலிருந்து கேட்கிறோம். கம்ப்யூட்டர் என்றதும் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

தேனடை மாதிரி உடம்பெல்லாம் துளை போட்டு எடையைக் குறைத்த குளோரியஸ் மாடல் ஓ மவுஸின் படத்தையும் போனில் காட்டினான். எடை 67 கிராம். ஆசாரி அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இவ்வளவு சேதாரம் நான் போட்டேன்னா ஊரே அடிக்க வந்துரும்." அத்தனை துளைக்குள்ளும் ஆடிக் காற்றில் எங்கள் ஊர்ப் புழுதி குடியேறும் என்பதால் அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

அடுத்தது ஜாதகம் பார்ப்பது. 26,000 டிபிஐ, அதாவது ஓர் அங்குலம் நகர்த்தினால் அத்தனை புள்ளி, என்று ஒரு மவுஸ் மார்தட்டியது. காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்த டிபிஐயில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால், 1920 புள்ளி அகலமுள்ள திரையை அம்பு ஐந்து தடவை கடந்து போகும். பையன் விளையாடுவது 800-இல்! அடுத்து போலிங் ரேட். சாதாரண மவுஸ் வினாடிக்கு 125 தடவை, அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, தான் எங்கே இருக்கிறேன் என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லும். கேமிங் மவுஸ் 1000 தடவை சொல்லும். சில 8000 தடவை சொல்கின்றன. மனுசக் கண் ஒன்றைப் பார்த்துக் கை அசைய 200 மில்லிசெகண்ட் ஆகிறது. அது போக, சுட்ட குண்டு வத்திராயிருப்பிலிருந்து மும்பையில் இருக்கிற சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பல பத்து மில்லிசெகண்ட். 1000 வரைக்கும் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு மேல் கொடுக்கிற காசு சேமித்துத் தருவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதையும் மழைக்காலத்தில் நெட்காரன் வாங்கிக்கொள்வான்.

ப்ளூடூத் மட்டும் உள்ள மவுஸை விளையாட்டுக்கு வாங்கக் கூடாது, தனி டாங்கிள் வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்பதிலும் பையன் உறுதியாக இருந்தான். அது சரிதான். தாமதம் அதில்தான் குறைவு.

ஜாதகம் பொருந்திய வரன்கள் இரண்டுதான். ஒன்று ஜி304. சென்சார் நல்லது, ஒரு பேட்டரிக்கு 250 மணி நேரம் ஓடும் என்று கம்பெனியே சொல்கிறது; ஆனால் கனம். இன்னொன்று அட்டாக் ஷார்க் என்ற சீன மவுஸ். ஆர்1 55 கிராம், எக்ஸ்3 49 கிராம். தாஜ்மகாலைத் தீப்பெட்டிக்குள் வைத்த மாதிரி எல்லாம் உள்ளே இருக்கிறது. கெட்டுப்போனால் யார் வாசலில் போய் நிற்பது என்பது மட்டும் தெரியவில்லை. சென்னைக்கார ஜெப்ரானிக்ஸ் மவுஸ்கள் என் கடையில் வருசக்கணக்காக உழைக்கின்றன. ஆனால் அவற்றை இவன் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போனதால் சித்தப்பாவிடம் போயிற்று. சித்தப்பா ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் சைடராக இருந்து ரிட்டயர் ஆனவர். எடை குறைந்தால் விலை கூடும் என்றதும் ஊரே சிரித்தது; அவர் சிரிக்கவில்லை.

"இதுல என்னடா அதிசயம்? நூல் அப்படித்தானே!"

ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை இருக்கிறதோ, அதுதான் அந்த நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் ஓடும். நூறாம் நம்பரில் 84,000 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், கிலோ விலை ஏறும்.

"ஏன் ஏறுது? நீளப் பஞ்சு வேணும். கோம்பர்ல சீவிக் குட்டைப் பஞ்சையெல்லாம் கழிச்சுத் தள்ளணும். மிசினு மெதுவா ஓடும். மெலிசாவும் இருக்கணும், அறுந்துறவும் கூடாது. அந்த ரெண்டையும் சேத்துச் செய்யத்தாண்டா காசு. சும்மா மெலிசா இழுக்க எவனாலயும் முடியும். ரெண்டாவது சுத்துல அத்துக்கும்."

பிறகு இரவல் மவுஸைக் கையில் வாங்கி, இரண்டு விலாவையும் கட்டைவிரலால் அமுக்கினார். காதருகே வைத்துக் குலுக்கினார். "நெறுநெறுக்கல. உள்ள எதுவும் ஆடல. இதை வாங்கு. மெலிசு பத்தலைன்னா நம்ம கழிச்சுக்குவோம்."

இணையத்தில் இருக்கிற விமர்சனங்களில் பாதியை அந்த ஓர் அமுக்கலில் முடித்துவிட்டார். விலை குறைவாகவும் எடை குறைவாகவும் இருக்கிற மவுஸ் எல்லாவற்றையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். எங்கே பிளாஸ்டிக்கைத் திட்டம் போட்டு மெலிய வைத்திருக்கிறார்கள், எங்கே வெறுமனே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பதை விலா எலும்பு சொல்லிவிடும்.

ஆக, ஜி304. வரப்பு உடைந்தது; மேல் ஆயிரத்தை அக்காவிடம் வசூலித்துக்கொள்வதாக ஏற்பாடு. 'நம்ம கழிச்சுக்குவோம்' என்று சித்தப்பா சொன்னதற்கும் வழி இருந்தது. டபுள் ஏ பேட்டரி இருக்கிற குழிக்குள், சின்ன ட்ரிபிள் ஏ பேட்டரியைச் சட்டை போட்டு உட்கார வைக்கிற பிளாஸ்டிக் உறை ஒன்று கிடைக்கிறது. அதில் லித்தியம் ட்ரிபிள் ஏ போட்டால், உறை எடையையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிராம் இறங்குகிறது. கிராம் இருநூறு என்று போட்டாலும் ரெண்டாயிரத்துச் சொச்சம் லாபம். பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், மவுஸ் மட்டும் உயிரோடு மினுக்கிக்கொண்டிருக்கும். அதற்கு 250 மணி நேரம் எதற்கு?

டாங்கிளைக் கம்ப்யூட்டரின் முதுகில், நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டைகளுக்குப் பக்கத்தில் சொருகினோம். அம்பு திக்கியது. அந்த ஓட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் போடும் என்று இன்டெல் கம்பெனியே 2012-இல் எழுதி வைத்திருக்கிறது. பரிகாரம், பெட்டியிலேயே வருகிற நீட்டிப்பு வயரை மாட்டி டாங்கிளை மேஜை மேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. வயர் இல்லாத மவுஸ் ஒழுங்காக ஓட ஒரு வயர்! மூவாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கிய ஒரே நகைச்சுவை அதுதான்.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். "மாமா, பேடு வேணும். முழங்கையிலேர்ந்து இழுக்கணும்ல? தொண்ணூறுக்கு நாற்பது சென்டிமீட்டர்." போனில் விலையைக் காட்டினான். அதை வாங்கிப் பார்த்தவர் சித்தப்பா. நண்பனிடம் இரவல் வந்திருந்த மாதிரிப் பேடின் ஓரத்தை இரண்டு விரலால் கசக்கி, பிரித்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாலியஸ்டரு. அடியில ரப்பரு. இதுக்கா ஆயிரத்தைந்நூறு? சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யறவன்ட்ட சொன்னா மீட்டர் கணக்குல உருட்டித் தருவான்டா."

"தாத்தா, பேண்டேஜ்ல மவுஸ் ஓடாது."

"ஓடாதுல்ல? அப்போ கை வலிச்சா சுத்திக்க."