கட்டம் சரியில்லை

எனக்குப் படம் வராது. வட்டம் போட்டால் முட்டையாகும், முட்டை போட்டால் உருளைக்கிழங்காகும். அப்படிப்பட்டவன் பிக்சல் ஆர்ட்டைப் பார்த்துப் பரவசமானதில் ஆச்சரியமில்லை. கட்டத்துக்குள் கலரை ஊற்றுவதுதானே, இதில் போய் யார் சொதப்ப முடியும்? உங்களுக்கும் அப்படித் தோன்றியிருந்தால் வாங்க, பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது.

1989-இல் வந்த கேம் பாய் திரையில் மொத்தமே 4 ஷேடுதான். அதை வைத்துக்கொண்டே ஒவ்வொரு போகிமானையும் 56-க்கு 56 கட்டத்துக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். பிகாச்சுவுக்கு அது போதுமென்றால் என் பெரியப்பாவுக்கு அதே 4 ஷேடும் 48-க்கு 48 கட்டமும் தாராளம் என்று முடிவு கட்டினேன். பெரியப்பாவுக்குக் கொஞ்சம் பெரிய முகம் என்பது மூக்கு வரை வந்த பிறகுதான் உறைத்தது.

மாடலுக்கு அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நேராக முகத்தில் ஃப்ளாஷ் அடித்து எடுத்தது. நிழல் என்ற பேச்சே இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தீர்மானிக்காமல் ஷேடிங்கில் கை வைக்கக் கூடாது என்பது பாலபாடம். பாலபாடம் வந்தால் ஸ்கிப் பட்டனைத் தேடுகிற வம்சம் நான்.

ஓரமெல்லாம் இருட்டு, உள்ளே போகப் போக வெளிச்சம் என்று அவுட்லைனை ஒட்டியே சுற்றிச் சுற்றி அடித்தேன். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தனித்தனியாக உப்பிக்கொண்டன. இதற்கு ‘பில்லோ ஷேடிங்’ என்று பெயராம். கற்றுக்குட்டியை அடையாளம் காண்பதே இதை வைத்துத்தானாம். நான் செய்வதற்கும் ஒரு பெயர் இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் பெருமையாகத்தான் இருந்தது.

ஷேடுகள் பட்டை பட்டையாகத் தெரிந்ததால், அதை மறைக்க டித்தரிங்கில் இறங்கினேன். விஷயம் எளிது. இரண்டு ஷேடை ஒன்றுவிட்டு ஒன்றாக, சதுரங்கப் பலகை மாதிரி வைத்தால், தள்ளி நின்று பார்க்கிற கண் அதை நடுவாந்திரமான மூன்றாவது ஷேடாகக் கலந்துகொள்ளும். கலக்கிற வேலை பார்ப்பவருடையது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கம்ப்யூட்டரே செய்துகொள்ளவும் வழி உண்டு. ஃப்ளாயிட், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 1976-இல் சொன்னது: ஒரு கட்டத்தில் நேர்ந்த பிழையை 16 பங்காக்கி, 7 பங்கை வலப்பக்கத்துக் கட்டத்திலும் மீதியைக் கீழ் வரிசையில் 3, 5, 1 என்றும் தள்ளிவிட வேண்டும். மேகின்டாஷ் குழுவில் இருந்த பில் அட்கின்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். 8 பங்கில் 6-ஐ மட்டும் பக்கத்தில் தள்ளிவிட்டு, 2-ஐ அப்படியே கைகழுவிவிட்டார். ஆபீஸ் கணக்கில் நானும் இதே முறைதான். என்னை மட்டும் மேதை என்று யாரும் சொன்னதில்லை.

ஆனால் நான் கையாலேயே வைத்தேன். கன்னத்தில், கழுத்தில், நெற்றியில், காலி இடம் கண்ட இடத்திலெல்லாம். முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். “பாவம், உங்க பெரியப்பாவுக்கு எப்போ அம்மை போட்டுச்சு?” என்றாள்.

சோனிக் கேமில் 1991-லேயே இந்த வித்தை இருக்கிறது, அதில் அருவியே வெறும் கோடுகள்தான், அந்தக் கால டிவியில் அது கலங்கிக் கண்ணாடித் தண்ணீராகத் தெரியும் என்றெல்லாம் விளக்கினேன். “தள்ளி நின்னு பாரு.” அவள் சமையற்கட்டு வரைக்கும் தள்ளிப் போய், “இங்கேருந்தும் அம்மைதாங்க” என்றாள். இன்றைய ஸ்கிரீன்கள் ரொம்ப நேர்மையானவை. எதையும் கலக்கித் தருவதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பிரமாதமாக இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் என் பவரிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூம் பண்ணியபோது குட்டு வெளிப்பட்டது. இந்த சைஸில் கண்மணி என்பதே ஒரே ஒரு கட்டம். கன்னத்தில் நான் வைத்த புள்ளியும் அதே ஒரு கட்டம், அதே கறுப்பு. வானம், சுவர் என்று பெரிய பரப்பாக இருந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மறையும். எட்டுக் கட்டக் கன்னத்தில் அவை எங்கே போய் ஒளியும்? பெரியப்பா கன்னமெல்லாம் கண்ணாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசன் கேர் என்ற அம்மா, ஸ்டீவ் ஜாப்ஸின் முகத்தை 32-க்கு 32 கட்டத்தில் கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டும் வைத்து ஐகானாக்கியிருக்கிறார். பார்த்ததும் ஆள் தெரிகிறது. அவரை விட இரண்டு ஷேடு அதிகம் வைத்திருந்த எனக்குப் பெரியப்பாவின் காது மட்டும் ஓரளவு தெரிந்தது.

பிறகு கலரில் முயன்றேன். நிழல் என்றால் கறுப்பைக் கலக்காதே, ஊதாப் பக்கம் நகர்த்து என்பார்கள்; தேர்ந்தவர்கள் செய்தால் தோலுக்கு உயிர் வருகிறது. நான் நகர்த்தியதில் பெரியப்பா எங்கேயோ அடி வாங்கிக்கொண்டு வந்தவர் போலிருந்தார். மறுபடி நான்கு ஷேடுக்கே வந்து, வெளிச்சம் இடப்பக்கம் என்று முடிவு செய்து, கன்னத்துப் புள்ளிகளைத் துடைத்துவிட்டு, பின்னணிச் சுவரில் மட்டும் அவற்றை விட்டுவைத்தேன். மூக்குக்குக் கீழே ஒரு வரி புள்ளி இருந்தது. நிழல் வேண்டுமே என்று அதைத் தொடவில்லை.

ஃபேமிலி குரூப்பில் போட்டேன். பெரியப்பாவே போன் செய்தார்.

“நல்லாருக்குடா. ஆனா நான் மீசை வெச்சதே இல்லையேடா.”