மலை ஏறி ஹலோ சொன்னவர்கள்

ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்கு இன்றைக்கு ஏறுகிறவர்கள் கையில் தண்ணீர் பாட்டிலும் செல்ஃபி ஸ்டிக்கும் இருக்கும். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஏறியபோது எங்களோடு ஒரு கார் பேட்டரி வந்தது. ஊர்க்காரர் ஒருவர் சும்மாடு கட்டி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் போவார். ஒயரும் மூங்கிலும் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி நாங்கள் பின்னால். பேட்டரி கொஞ்சம் சாய்ந்தாலும் மூடியோரம் ஆசிட் கசியும். மாற்றிப் பிடித்தவர் சட்டையில் பட்டால் துணி உடனே ஓட்டையாகாது. துவைத்துக் கொடியில் போடும்போதுதான் வெயில் புள்ளி புள்ளியாக இந்தப் பக்கம் வரும். சட்டையைப் பார்த்தே எந்த ஹாம், அதாவது எந்த அமெச்சூர் ரேடியோக்காரர், மலைக்குப் போனவர், எவர் மொட்டைமாடியோடு நின்றுவிட்டவர் என்று சொல்லிவிடலாம்.

உச்சியில் ஆன்டெனாவை நிறுத்தி, அரை மணி நேரம் கத்தி, ஒருவழியாகப் பதில் வந்ததும் நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொள்வோம். ஒருமுறை, சுமந்து வந்தவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்:

“இப்ப என்ன சார் சொன்னீங்க?”

“பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட, நீங்க பேசறது நல்லாக் கேக்குதுன்னு சொன்னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“நான் பேசறதும் அவருக்கு நல்லாக் கேக்குதாம்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

அவர் பேட்டரியைப் பார்த்தார். இறங்க வேண்டிய பாதையைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அமெச்சூர் ரேடியோவைப் பற்றி அதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் இதுவரை கேட்டதில்லை. ஆனால் எங்கள் பக்கம் இயற்பியல் இருந்தது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீட்டர் பேண்டில் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். தரையில் நின்று பேசினால் பக்கத்து ஊர். 1,300 மீட்டர் உயரத்தில் நின்றால் ரேடியோவின் அடிவானம் சுமார் 150 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும். பெங்களூரோ தானே 900 மீட்டர் மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர். ஒரு வாட், இரண்டு வாட்டே தாராளம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இந்த மலையெல்லாம் தேவையே இல்லை. அந்த அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவது, வீட்டுத் தென்னை மரத்தில் கட்டினாலும் நடக்கும். அதற்கும் பக்கத்துக்குப் பத்து மீட்டராக ஒயரைத் தூக்கிக்கொண்டு போனோம் என்பது வேறு விஷயம். ரேடியோ, சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கிய உதிரிகளில் நாங்களே பற்றவைத்தது.

லைசென்ஸ் வாங்க மோர்ஸ் தேர்வு எழுதி, டெல்லியிலிருந்து கடிதம் வருமென்று தபால்காரரை வழிமறித்த காலம் அது. ‘நம் பிரதமர்கூட ஹாம்தான், வியூ2ஆர்ஜி’ என்று ராஜீவ் காந்தியின் கால் சைனைச் சொல்லி வீட்டில் சமாளிப்போம். அவர் கொல்லப்பட்ட 1991 மே மாதத்துக்குப் பிறகு அந்த வாக்கியத்தையே எடுக்க முடியாமல் போனது. தமிழ்நாட்டில் கையில் ஒயர்லெஸ்ஸோடு மலை ஏறும் இளைஞன் யாராக இருப்பான் என்பதில் ஊருக்கு அப்போது இரண்டாவது கருத்து கிடையாது. அடிவாரத்தில் நிறுத்திய காவலர், லைசென்ஸில் இருந்த அரசாங்க முத்திரையைவிட எங்கள் தாடியைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இப்போது யாரும் நிறுத்துவதில்லை. போன தடவை ஒரு கல்லூரிப் பையன் மைக்கைப் பார்த்துவிட்டு வந்தான். “சேனல் பேரு என்ன அங்கிள்?” 145.500 என்றேன். செல்லை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “சர்ச்ல வரலையே” என்றான். பாவம், அவன் சப்ஸ்கிரைப் பண்ணத்தான் வந்திருக்கிறான்.

அன்று தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்கவேண்டும் என்று மலை ஏறினோம். இன்று பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து தப்பிக்க ஏறுகிறோம். அவர் நல்ல மனிதர். அவர் வீட்டு எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர், மாடியிலுள்ள சோலார் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில் 7 மெகாஹெர்ட்ஸில் ஆப்பிரிக்காக்காரன் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. உச்சியில்தான் பேண்ட் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. ரேடியோவும் லித்தியம் பேட்டரியும் ஒரு தோள்பைக்குள் அடக்கம். சும்மாடு வேண்டாம், பீடி பிடித்தபடி கேள்வி கேட்க ஆளும் இல்லை.

பேச்சும் சுருங்கிவிட்டது. பல்சர் விண்மீன் ஆராய்ச்சிக்காக 1993இல் நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கியோடு சேர்ந்து 2017இல் எஃப்டி8 என்றொரு முறையைக் கொண்டுவந்தார். காதுக்கு எட்டாத, இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துவிடும். ஒரு 15 விநாடியில் என் கம்ப்யூட்டர் பிரேசிலில் இருக்கும் கம்ப்யூட்டரிடம், நீ பேசுவது கேட்கிறது என்கிறது. அடுத்த 15 விநாடியில் அதுவும் அதையே சொல்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரிக்கிறேன். எங்கள் குழுவின் இளைஞனுக்குப் பிடித்ததோ 2002இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘சோட்டா’. சிகரத்தில் நின்று நான்கு பேரோடு தொடர்பு கொண்டால் புள்ளி உண்டு. நான்கு முடிந்ததும் அவன் மூட்டை கட்டிவிடுகிறான். நாங்கள் ஒன்று கிடைத்தாலே சாயங்காலம்வரை இறங்க மாட்டோம்.

இந்த வெட்டி ஹலோவுக்காகத்தான் 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத்தும் குழுவினரும் அந்தமானுக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்து பேசினால் உலக ஹாம்கள் வரிசையில் நிற்பார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து, தொலைபேசிகள் படுத்தபோது, அதே ரேடியோ தீவுக்கும் நாட்டுக்கும் நடுவே தகவல் கடத்தியது. இதை அந்தச் சும்மாடு அண்ணனிடம் சொல்ல வாய்த்திருந்தால், “அன்னிக்கு மட்டும் போயிருக்கலாமே சார்” என்றிருப்பார். அதற்கும் என்னிடம் பதில் கிடையாது.

போன ஏற்றத்தில் பெங்களூர் நண்பரைப் பிடித்தேன். சத்தமாகவே கேட்டது. மறு நிமிடம் செல் அடித்தது, அவரேதான். “நண்பரே, பிரமாதமான சிக்னல்!” அங்கேயே பாறையில் சாய்ந்து, ஆன்டெனாவைப் பற்றி முக்கால் மணி நேரம் செல்லில் பேசினோம்.

முட்டிக்கு இனி மலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “ரேடியோவை மேலேயே ஒரு ரூம்ல வெச்சிட்டு, வீட்ல இருந்து நெட்லயே ஓட்டலாம் அங்கிள்” என்கிறான் இளைஞன். நல்ல யோசனை. ஒத்துக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு: மாதம் ஒரு முறை போய் அதைப் பழுது பார்ப்பவன் நானாகத்தான் இருப்பேன்.