டிரான்சிஸ்டரைத் தலைகீழாக மாட்டி வேலை வாங்குவது எப்படி?

தேவையானவை: உலோகத் தொப்பி போட்ட 2என்2222 டிரான்சிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (25 வோல்ட்), சிவப்பு எல்.இ.டி., 12 வோல்ட் அடாப்டர். கூடவே, பக்கத்தில் உட்கார்ந்து "எரியவே எரியாது" என்று சொல்ல நண்பர் ஒருவர்.

1. முதலில் டேட்டா ஷீட்டைப் படியுங்கள். எமிட்டர்–பேஸ் சந்திக்குத் தலைகீழாக 5, 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காதே என்று போட்டிருக்கும். படித்தாயிற்றா? மடித்து மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுங்கள்.

2. தொப்பி விளிம்பில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதையொட்டிய கால்தான் எமிட்டர். ஊரெல்லாம் மைனஸில் வைக்கும் எமிட்டரை நீங்கள் பிளஸ் பக்கம் வையுங்கள், கலெக்டர் மைனஸுக்கு. நடுக்காலான பேஸை எதிலும் சேர்க்க வேண்டாம். கல்யாணத்துக்கு வந்த தூரத்து மாமா மாதிரி ஓரமாக நிற்கட்டும்.

3. அடாப்டர் பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸுக்கு வாருங்கள். அங்கிருந்து எல்.இ.டி. வழியாக எமிட்டருக்கு. கெப்பாசிட்டரின் மைனஸும் கலெக்டரும் அடாப்டர் மைனஸுக்கு. 9 வோல்ட் பேட்டரியில் சிக்கனம் பார்த்தால் பெரும்பாலும் எரியாது, நண்பர் ஜெயித்துவிடுவார்.

4. சுவிட்சைப் போடுங்கள். கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பும். 10 வோல்ட்டை நெருங்கியதும் எல்.இ.டி. பளிச்சென்று மின்னி அணையும். மறுபடி நிரம்பும், மறுபடி மின்னும். "லூஸ் காண்டாக்ட்" என்பார் நண்பர். கோபப்படாதீர்கள்.

5. அவருக்குப் பந்திக் கதவைச் சொல்லி விளக்குங்கள். மூடிய கதவைக் கூட்டம் முட்டுகிறது. அழுத்தம் ஏற ஏற, தாழ்ப்பாள் தெறித்துச் சிலர் உள்ளே விழுகிறார்கள். இதுதான் அவலாஞ்ச் பிரேக்டவுன். விழுந்தவர்கள் ஓரமாக நிற்கும் மாமாவை உசுப்ப, அவர் கதவை இன்னும் அகலத் திறக்கிறார். இனி முட்டுவது குறைந்தாலும் கூட்டம் பாயும். மின்னழுத்தம் இறங்க மின்னோட்டம் ஏறுகிறது. அதற்குப் பெயர் எதிர்மறை மின்தடை. கெப்பாசிட்டர் கொஞ்சம் வடிந்ததும் கதவு சாத்திக்கொள்ளும்.

6. எதிர்மறை என்றதும் மீட்டர் பின்னோக்கி ஓடும் என்று கனவு காண வேண்டாம். மாற்றத்தின் போக்கு மட்டுமே எதிர்மறை. மின்னும் ஒவ்வொரு மின்னலுக்கும் அடாப்டர்தான் படியளக்கிறது.

7. வேகமாக மின்னட்டும் என்று ரெசிஸ்டரை மிகவும் குறைத்தால், கதவு சாத்தவே வாய்ப்பிருக்காது. எல்.இ.டி. விடாமல் எரிந்துகொண்டிருக்கும்.

8. டயோடில் வேறு வழியாக, அதாவது சுரங்கப்பாய்வால், எதிர்மறை மின்தடை காட்டிய லியோ எசாகிக்கு 1973-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உங்களுக்கு இந்த எல்.இ.டி. போதும்.

9. ஆட்டம் முடிந்ததும் அந்த டிரான்சிஸ்டர் தொப்பியில் நெயில் பாலீஷால் ஒரு பொட்டு வையுங்கள். உடைபட்ட எமிட்டர் சந்தியால் அதன் கெயின் குறையும், இரைச்சல் கூடும். பொட்டு வைக்க மறந்தால், ஆறு மாதம் கழித்து அதையே ஆம்ப்ளிஃபயரில் மாட்டிவிட்டு ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நண்பரும் பக்கத்தில்தான் இருப்பார்.