காரைக் கல், சிமெண்டுக் கல்

எண்பதுகளில், மும்பை தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் கோலியில் (ஒற்றை அறை வீட்டில்), கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கியது என்று சிமெண்டையும் ஆணியையும்தான் சொல்ல முடியும். பின்சுவர், பரேல் பக்கம் இடித்த ஒரு பழைய கட்டடத்தின் செங்கல். மாலாவை, அதாவது மேல் பரணை, தாங்கிய இரும்பு ஆங்கிள், தாருகானாவில் கப்பல் உடைக்கிற இடத்தில் அப்பா எடைக்கு வாங்கியது. காலடியில் இருந்த தரையே மாகிம் கழிமுகத்துச் சதுப்பு. குடிவந்த சனங்கள் இடிபாட்டையும் குப்பையையும் கொட்டிக் கொட்டி மேடாக்கிய நிலம்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார். கைவண்டியில் பழைய கல் வந்து இறங்கினால், ஒட்டியிருக்கும் சாந்தைத் தட்டி எடுப்பது பிள்ளைகள் எங்கள் வேலை. கல்லை இடது கையில் படுக்கவைத்து, தேய்ந்த கரண்டியின் விளிம்பால் சாய்வாகத் தட்டினால் சுண்ணாம்புக் காரை பட்டை பட்டையாக உதிரும். சில கற்கள் மட்டும் மசியாது. ஓங்கித் தட்டினால் கல்லே இரண்டாகும்.

"ஏட்டி, அதோட மல்லுக்கட்டாத. அது சிமெண்டுல கட்டுன கல்லு. தனியாப் போடு, தரைக்கு ஆகும்" என்பார் அப்பா.

முழுக்கல் சுவருக்கு, அரைக்கல் தரைக்கு அடியில், பொடிந்தது சந்தில் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு. அவர் சொன்னதில் இருந்த கட்டடவியலைப் பின்னால் கல்லூரியில்தான் புரிந்துகொண்டேன். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. பிரிக்கும்போது காரை விட்டுக்கொடுக்கும், கல் தப்பிக்கும். சிமெண்டுச் சாந்து கல்லைவிட இறுகிவிடும். பிரித்தால் கல்தான் போகும். ஒரு சுவரின் கல் இன்னொரு சுவருக்குப் போகுமா என்பது, அதைக் கட்டுகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

தகரத்துக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. கூரையில் இருக்கும்வரை ஆணி ஓட்டைகளைத் தார் வைத்து அடைப்போம். அதற்கும் மேல் ஒழுகினால் பக்கச்சுவராகும், பிறகு மோரிக்கு (கழுவும் மூலைக்கு) மறைப்பாகும், கடைசியில் பழைய பொருள்கள் கைமாறும் 13 காம்பவுண்டில், பங்கார் (காயலான்) கடையில் எடைக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம், துணி அலசிய தண்ணீரில் மோரி என்று தண்ணீரும் கைமாறிக்கொண்டே இருந்தது. அந்த வாழ்க்கையை நான் கொண்டாடவில்லை. மே மாதத்தில் அந்தத் தகரத்தின் கீழ் அம்மா சமைத்ததை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. ஓட்டை விழுந்த இடமெல்லாம் நாங்கள் போட்ட 'சிமெண்ட் ஷீட்' ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது என்பதும், உடைத்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன் என்பதும் அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு நல்ல வீடு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று என் பிழைப்பு, கட்டுமானத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதிக்கான ஆவணங்களைத் தயாரிப்பது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த அறிவிக்கையோடு வந்த படிவம் 1ஏ, கட்டுமானப் பொருளை உருவாக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது, மறுசுழற்சிப் பொருள் பயன்படுகிறதா, அதனால் மிச்சம் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறது. நல்ல கேள்விகள்தான். பதிலாக நான் பார்த்தவற்றில் பெரும்பாலும், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட் என்று ஒரு வரி இருக்கும். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருவது. அதில் சாம்பல் கலப்பது நல்லதுதான். ஆனால் அதே மனையில் நேற்றுவரை நின்ற கட்டடம் என்ன ஆனது, அதிலிருந்து எந்தப் பொருள் எங்கே போனது என்பதற்குப் பதில் தேடினால், லாரிக் கணக்கைத் தவிர வேறெதுவும் கையில் இருக்காது.

இடிபாட்டை எங்கே கொட்டுவது என்பது இந்த நகரத்தின் கழுத்தைப் பிடித்த கேள்வி. தேவ்னார், முலுண்ட் கிடங்குகளில் குப்பை விதிகள் மீறப்பட்டதால், 2016 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் மும்பையில் புதிய குடியிருப்பு, வணிகக் கட்டடங்களுக்கான அனுமதியையே நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு தளர்த்தியது. அதே 2016இல் வந்த மத்திய அரசின் விதிகள், ஒரே நாளில் 20 டன்னோ ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னோ தாண்டும் இடிபாட்டைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-சாந்து என்று பிரித்துவைக்கச் சொல்லின. 2025இல் அறிவித்த புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பெரிய திட்டங்கள் தம் கழிவின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும், பதிவுபெற்ற ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம்.

இதை நான் வரவேற்கிறேன். விதிக்குத் தேதியும் தண்டமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2003இல் காட்டியது. மழைநீர் சேகரிப்பைப் பழைய கட்டடங்களுக்கும் சேர்த்துக் கட்டாயமாக்கி, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றதும் சென்னையில் தெருத்தெருவாகக் குழி வெட்டினார்கள். ஆனால் 2025இன் இடிபாட்டு விதிகளின் பார்வை பெரும்பாலும் ஆலையின் மேல் இருக்கிறது. ஆலையில் கல் அரைபடுகிறது. முழுக்கல் முழுக்கல்லாகவே அடுத்த சுவருக்குப் போவது வேறு காரியம். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரம் 2016இல் ஒரு சட்டம் போட்டது: 1916ஆம் ஆண்டும் அதற்கு முன்பும் கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, கையால் பிரித்துப் பொருளைக் காப்பாற்ற வேண்டும். கையால் பிரிக்கத் தெரிந்தவர்களை அங்கே பயிற்சி கொடுத்து உருவாக்க வேண்டியிருந்தது. தாராவியில் அவர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள்.

2024 மார்ச்சில் இங்கே மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2022இல் ஒப்பந்தப் புள்ளியை வென்ற அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்த நிறுவனத்துக்காக, வீடு வீடாக வந்து கதவில் எண் எழுதினார்கள். யார் இருக்கிறார்கள், 2000 ஜனவரி 1க்கு முந்திய ஆவணம் உண்டா, தரைத்தளமா மேல்தளமா, எத்தனை சதுர அடி என்பதைப் பதிந்தார்கள். தகுதியுள்ள வீட்டுக்காரருக்கு 350 சதுர அடி. தகுதிக்கான சண்டை உயிர்ப் பிரச்சினை, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து நின்ற அந்த நேரத்தில் இன்னும் ஒரு பத்தி நிரப்பியிருக்கலாம்: சுவர் என்ன கல், இரும்பு எவ்வளவு, மரம் உண்டா, கூரை ஆஸ்பெஸ்டாஸா. இடிப்பதற்கு முன்பாவது கடைசிக் கேள்வியைக் கட்டாயமாக்கியே தீர வேண்டும். இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் சற்று மேலான ஊர். அந்த ஷீட்டுகளைக் கணக்கில்லாமல் புல்டோசரால் நொறுக்கினால், பக்கத்துச் சந்தில் தன் முறைக்குக் காத்திருக்கும் குடும்பம்தான் தூசியைச் சுவாசிக்கும்.

எழப்போகும் கட்டடத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. மும்பையின் உயரமான கட்டடங்கள் பலவும் இப்போது மைவான் முறையில் வருகின்றன. அலுமினியப் பலகைகளை நிறுத்திச் சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் ஊற்றுவார்கள். வேலை வேகம், விரயம் குறைவு. ஆனால் அதில் கல் என்று ஒன்று கிடையாது. என்றாவது இடிக்கும்போது இரும்பை உருவலாம், மற்றதெல்லாம் ஜல்லிதான். வாழ்கிறபோதும் செலவு இருக்கிறது. எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையக்) கட்டடங்களில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரிகிறது, ஏனென்றால் எதிர்க் கட்டடம் 3 மீட்டரில் நிற்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கோவண்டி, மான்குர்டு பகுதி மறுவாழ்வுக் குடியிருப்புகளில் வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என்று சொன்னது. சிக்கனமான குழாயும் சாம்பல் சிமெண்டும் போட்டதற்கு மதிப்பெண் தரும் பசுமைக் கட்டட அட்டவணை, அந்தப் பகல் விளக்கையும் லிஃப்ட் பில்லையும் மருந்துச் செலவையும் முதலில் எண்ண வேண்டும். கட்டடங்களுக்கு இடையே தூரம் கூட்டினால் விற்பனைக்கான பரப்பு குறையும். அதனால்தான் இடைவெளி விதி மட்டும் யாருக்கும் பிடிப்பதில்லை என்று நான் நினைக்கிறேன்.

13 காம்பவுண்டில் என் அத்தை மகன் இன்னும் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறார். பல்லால் கடித்தும் நெருப்பில் காட்டி மணத்தை வைத்தும் என்ன ரகம் என்று சொல்லிவிடுவார். அது உடம்புக்கு ஆகாது என்று நான் சண்டை போடுவேன். புதிய தாராவியில் மாசு தராத தொழில்களுக்குத்தான் இடம் என்கிறார்கள். ஆனால் பழைய ஊரை இடிக்கும்போது வரும் கதவும் ஆங்கிளும் தகரமும் பைப்பும் எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் அவரும் அவர் தெருக்காரர்களும். அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் காற்றோட்டமான கூடமும் கொடுத்து, அந்த வேலையைத் திட்டத்தின் நிபந்தனையாகவே எழுதச் சொல்லிக் கேட்கிறோம். எங்கள் சங்கத்துக்காரர்கள் மனு தயார் செய்கிறார்கள். பொருள்களின் பட்டியலை எழுதித் தருவது என் பங்கு.